மண்ணில் உள்ள சத்து மணியில் வருமா?



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு உரம் போடும் வேலை புதிதன்று. உர மூட்டையைத் தலையில் சுமந்து, வாளியில் அள்ளி, மரத்தைச் சுற்றி வீசிய கைகள் நம்முடைய கைகள். செம்பனைத் தோட்டங்களில் நடக்கும் இன்னொரு வேலையையும் நம்மில் பலர் பார்த்திருப்போம். குறிப்பிட்ட சில மரங்களில் 17-ஆவது மட்டையை எண்ணிப் பிடித்து, அதன் இலைகளில் சிலவற்றை வெட்டி எடுத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்த இலையில் எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகே, எந்த உரம் எத்தனை கிலோ என்று முடிவாகும். மக்னீசியம் குறைந்தால் வெயில் படும் கீழ்மட்டைகள் ஆரஞ்சு நிறமாக மாறும். போரான் குறைந்தால் இலையின் நுனி கொக்கிபோல் வளையும். இவற்றையெல்லாம் நாம் கண்ணால் கண்டு அறிந்திருக்கிறோம்.

மரத்துக்கு இவ்வளவு கவனம் செலுத்துகிறோம். நாம் உண்ணும் உணவுக்கு இப்படி ஒரு கணக்கு உண்டா? மண்ணில் ஒரு சத்து குறைந்தால், அந்த மண்ணில் விளைந்த தானியத்திலும் அது குறையுமா? அப்படிக் குறைந்த தானியத்தை ஆண்டுக்கணக்கில் உண்ணும் பிள்ளைக்கு என்ன ஆகும்? இன்றைய உரையில் இந்தக் கேள்விகளுக்குக் கோதுமையைக் கொண்டு விடை காண்போம்.

கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வந்து, இங்குள்ள ஆலைகளில் மாவாகி, நம் அடுப்படிக்கு வருகிறது. காலையில் ரொட்டி, மாலையில் சப்பாத்தி, விடுமுறை நாளில் ரொட்டி சானாய் என்று ஏதோ ஒரு வடிவத்தில் அதை உண்கிறோம். எனவே அந்த மண் எங்கோ இருந்தாலும் அதன் வளமும் வறுமையும் நம் வீட்டுத் தட்டு வரைக்கும் வந்து சேருகின்றன.

முதலில் ஒரு கோதுமை மணிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மணியின் பெரும்பகுதி மாச்சத்து. இதைச் செடி காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் சூரிய ஒளியின் துணையால் தானே சமைத்துக்கொள்கிறது. ஆனால் இரும்பு, துத்தநாகம், மக்னீசியம், செலினியம் போன்ற தாதுச் சத்துகளை எந்தச் செடியாலும் உண்டாக்க முடியாது. அவை வேர் வழியாக மண்ணிலிருந்துதான் வர வேண்டும். அளவிலும் அவை மிகச் சிறியவை. ஒரு கிலோ முழுக் கோதுமையில் மக்னீசியம் ஏறத்தாழ ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதல். இரும்பு 30, 40 மில்லிகிராம். துத்தநாகம் நல்ல மண்ணில் விளைந்ததானால் 25 முதல் 35 மில்லிகிராம். செலினியமோ ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது.

இவ்வளவு சிறிய அளவுதானே, குறைந்தால் என்ன என்று தோன்றலாம். துத்தநாகத்தையே எடுத்துக்கொள்வோம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் போதும். ஒரு சிட்டிகை உப்பைவிட அது மிகக் குறைவு. ஆனால் அந்தச் சிறு அளவு கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் வளர்ச்சி தடைப்படும். புண் ஆறத் தாமதமாகும். வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலும் அடிக்கடி வரும். வாயில் சுவை குன்றும், பசியும் குறையும்.

இதை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். அவர் 1958-ஆம் ஆண்டில் ஈரான் நாட்டின் ஷிராஸ் நகருக்குப் பணியாற்றச் சென்றார். அங்கே அவரிடம் ஒரு நோயாளி வந்தார். வயது 21. தோற்றமோ பத்து வயதுச் சிறுவனைப் போல. உயரம் இல்லை, மீசை அரும்பவில்லை, இரத்தச் சோகை வேறு. அதே நிலையில் இன்னும் சில இளைஞர்களும் இருந்தார்கள். அவர்கள் அனைவரும் கிராமத்து ஏழைகள். இறைச்சி, முட்டை போன்றவை அவர்களுக்கு எட்டாதவை. புளிக்க வைக்காத கோதுமை ரொட்டியே அவர்களது உணவு. மண் தின்னும் பழக்கமும் அவர்களுக்கு இருந்தது.

1961-ஆம் ஆண்டில் பிரசாத் இந்த நோயைப் பற்றி எழுதினார். பிறகு எகிப்து நாட்டிலும் அதே போன்ற இளைஞர்களை ஆராய்ந்து, அவர்களுக்குத் துத்தநாகக் குறைவு இருப்பதை 1963-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார். துத்தநாகம் கொடுத்தபோது அவர்கள் வளர்ந்தார்கள், பருவமும் அடைந்தார்கள். இருந்தாலும் மருத்துவ உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மனிதனுக்குத் துத்தநாகம் இன்றியமையாதது என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் ஏற்றுக்கொண்டது 1974-ஆம் ஆண்டில்தான்.

வயிறு நிறைய ரொட்டி உண்டவர்களுக்கு ஏன் இந்தக் குறை வந்தது? கோதுமையின் மேல் தோலிலும் முளைப்பகுதியிலும் பைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. அது துத்தநாகத்தையும் இரும்பையும் இறுகப் பற்றிக்கொண்டு, குடல் உறிஞ்சாதபடி தடுத்துவிடும். ஆக, மணியில் துத்தநாகம் குறைவாகவும் பைட்டேட் மிகுதியாகவும் இருந்துவிட்டால் உடலுக்கு இரட்டை இழப்பு. அந்த மணியில் துத்தநாகம் எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதை நன்றாக விளக்கும் நாடு துருக்கி. அந்நாட்டின் நடுவே அனத்தோலியா என்னும் மேட்டுநிலம் இருக்கிறது. கொன்யா, எஸ்கிசெகிர் போன்ற ஊர்களைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல்கள். மழை குறைவு. மண்ணில் சுண்ணாம்பு மிகுதி, மக்கிய தழை குறைவு. கிராமத்து மக்களுக்கு ரொட்டியும் கோதுமைக் குறுணையும்தான் முதன்மையான உணவு. அந்நாட்டிலும் மண் தின்னும் பிள்ளைகளிடத்திலும் வளர்ச்சி குன்றியவர்களிடத்திலும் துத்தநாகக் குறைவை மருத்துவர்கள் கண்டிருந்தார்கள்.

வயலிலோ உழவர்களுக்கு வேறொரு கவலை. தழைச்சத்தும் பாஸ்பேட்டும் போட்டும் பயிர் குட்டையாக நின்றது. இலை நடுவில் வெளுத்து, பிறகு கருகியது. 1993-ஆம் ஆண்டில் ஆதனா நகரிலுள்ள சுக்குரோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் இஸ்மாயில் சக்மக்கும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். மண்ணைச் சோதித்தார்கள், இலையைச் சோதித்தார்கள், மணியையும் சோதித்தார்கள். மூன்றிலும் துத்தநாகம் குறைந்திருந்தது. சில வயல்களில் ஒரு கிலோ கோதுமையில் 10 மில்லிகிராம் அளவே இருந்தது.

‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்பது நம் பழமொழி. அந்த மண்ணில் துத்தநாகமே இல்லை போலும் என்று நாம் நினைப்போம். உண்மை அதுவன்று. அந்த மண்ணில் துத்தநாகம் போதிய அளவு இருந்தது. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் துத்தநாகம் கரையாமல் மண் துகளோடு ஒட்டிக்கொள்கிறது. நீரில் கரைந்ததைத்தானே வேர் உறிஞ்ச முடியும்? மேல்மண் காய்ந்து கிடப்பதால் கரைந்த சிறிதளவும் வேரை நோக்கி நகர்வதில்லை. அதாவது, சட்டியில் சோறு இருக்கிறது, ஆனால் அடிப்பிடித்துக் கிடக்கிறது. அகப்பையை விட்டுத் துழாவினாலும் வெறும் நீர்தான் வருகிறது.

மண் வளம் என்று நாம் சொல்லும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. மண்ணில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. அதில் வேருக்கு எட்டுவது எவ்வளவு என்பது வேறொன்று. நம் தோட்டத்துச் செம்மண்ணுக்கு அந்தச் சிவப்பைக் கொடுப்பதே இரும்புதான். ஆனாலும் அந்த இரும்பின் பெரும்பகுதி துருவைப்போல் கரையாமல் கிடக்கிறது. மண்ணின் புளிப்பு, சுண்ணாம்பு, ஈரம், மக்கிய தழை இவையெல்லாம் சேர்ந்துதான் எது கரையும், எது கரையாது என்பதைத் தீர்மானிக்கின்றன.

துருக்கி ஆய்வாளர்கள் வயலில் துத்தநாக சல்பேட் இட்டுப் பார்த்தார்கள். விளைச்சல் சில இடங்களில் 5 விழுக்காடுதான் கூடியது. மிக மோசமான ஓர் இடத்தில் 554 விழுக்காடு கூடியது. சராசரியாகப் பார்த்தால் 43 விழுக்காடு. உழவர்கள் இதைக் கண்ணால் கண்டார்கள். உர ஆலைகள் வழக்கமான கலப்பு உரத்தோடு துத்தநாகத்தையும் சேர்த்து விற்கத் தொடங்கின. சில ஆண்டுகளிலேயே அந்த உரம் இலட்சக்கணக்கான டன் அளவில் வயல்களுக்குச் சென்றது.

விளைச்சல் கூடியது சரி, மணியில் துத்தநாகம் கூடியதா? இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். துத்தநாகத்தை மண்ணில் மட்டும் இட்டபோது, கிலோவுக்கு 10 மில்லிகிராமாக இருந்தது 18 ஆனது. இலையில் தெளித்தபோது 27 ஆனது. மண்ணிலும் இட்டு, இலையிலும் தெளித்தபோது 35 வரை உயர்ந்தது. கதிர் வந்து மணியில் பால் பிடிக்கும் நேரத்தில் தெளித்தால், துத்தநாகம் இலையிலிருந்து நேரே மணிக்குச் செல்கிறது என்பதும் பிறகு தெரிந்தது.

இதை ஒரு வீட்டுக் கணக்காகப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் முழுக் கோதுமை மாவு உண்பதாக வைத்துக்கொள்வோம். 10 மில்லிகிராம் கோதுமையானால் அவருக்குக் கிடைப்பது 3 மில்லிகிராம் துத்தநாகம். 35 மில்லிகிராம் கோதுமையானால் பத்தரை மில்லிகிராம். மாவின் எடை ஒன்று, ரொட்டியின் எண்ணிக்கையும் ஒன்று. ஆனால் சத்தில் மூன்றரை மடங்கு வேறுபாடு. தாய் பரிமாறும்போது இதைக் கண்ணால் கண்டறிய வழியே இல்லை.

மற்ற உரங்களும் இதில் பங்கு கொள்கின்றன. செடிக்குத் தழைச்சத்து போதிய அளவு கிடைத்தால் மணியில் புரதம் கூடும். புரதம் கூடினால் துத்தநாகமும் இரும்பும் மணிக்குள் கூடுதலாகச் சேரும். பாஸ்பேட் உரம் இதற்கு மாறானது. அதை அளவுக்கு மேல் கொட்டினால் மணியில் துத்தநாகம் குறையும். வேரோடு கூடி வாழ்ந்து, துத்தநாகத்தைத் தேடிக் கொடுக்கும் ஒருவகைப் பூஞ்சை உண்டு. பாஸ்பேட் மிகுந்தால் அந்தப் பூஞ்சை வேரில் குறைந்துபோகிறது. எனவே ஒரு சத்தை அள்ளிக் கொடுத்து மற்றொன்றைப் பட்டினி போட்டால், பயிர் செழித்து நின்றாலும் மணி இளைத்துவிடும்.

இரும்பு இன்னும் பிடிவாதமானது. இரும்பை உரமாக மண்ணில் இட்டால் விரைவில் அதுவும் துருவாகிக் கரையாமல் போய்விடும். கோதுமை மணியின் இரும்பை உரத்தால் உயர்த்துவது கடினம் என்பதே ஆய்வுகள் காட்டும் முடிவு. ஆகவே இரத்தச் சோகைக்குக் கோதுமை வயலை மட்டும் நம்பியிருக்க முடியாது.

இப்போது இங்கிலாந்துக்குச் செல்வோம். லண்டன் நகருக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்னும் ஊரில் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே பிராட்பால்க் என்றொரு வயல். ஜான் பென்னட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற இருவர் 1843-ஆம் ஆண்டில் அதில் கோதுமை விதைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அந்த ஆய்வு இன்றும் நடக்கிறது. வயலின் ஒரு பட்டைக்கு உரமே இல்லை. மற்றொரு பட்டைக்குத் தொழுவுரம். மற்றவற்றுக்கு வெவ்வேறு அளவில் இரசாயன உரம். ஒவ்வோர் அறுவடையிலும் சிறிது மணியையும், அவ்வப்போது மண்ணையும் எடுத்து மூடி வைத்துப் பாதுகாத்து வருகிறார்கள்.

அந்தப் பழைய மணிகளை எடுத்துச் சோதித்து, 2008-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 1845 முதல் 1960-களின் நடுப்பகுதி வரை மணியிலுள்ள துத்தநாகம், இரும்பு, செம்பு, மக்னீசியம் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தன. அதன் பிறகு அவை நான்கும் குறையத் தொடங்கின. மண் வறண்டுவிட்டதா என்றால் அதுவும் இல்லை. மண்ணில் அந்தச் சத்துகள் குறையவில்லை, சில கூடவும் செய்திருந்தன. தொழுவுரப் பட்டையிலும் அதே குறைவு, உரமே போடாத பட்டையிலும் அதே குறைவு.

அப்படியானால் என்ன நடந்தது? 1968-ஆம் ஆண்டு முதல் அந்த வயலில் குட்டைத் தண்டுள்ள புதிய கோதுமை வகைகளைப் பயிரிட்டார்கள். அவை தண்டை வளர்ப்பதை விட்டு மணியை வளர்ப்பவை. மணியில் மாச்சத்து மிகுதியாகச் சேர்ந்தது. வேர் கொண்டுவந்த தாதுச் சத்தோ அதற்கு ஈடாகக் கூடவில்லை. இந்தக் குட்டைக் கோதுமைகளின் வழிவந்தவையே இன்று உலகின் பெரும்பகுதிக்குச் சோறு போடுகின்றன. அவை வந்திராவிட்டால் கோடிக்கணக்கானோர் பசியில் வாடியிருப்பார்கள். அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் விலையில்லாமல் அது வரவில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரப்பர் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. பால் நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மழைத்தண்ணீர் விழுந்த பாலைக் கொண்டுபோனால் வாளி நிறைந்திருக்கும், எடையும் கூடியிருக்கும். ஆனால் பாலில் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டவுடன் உண்மை தெரிந்துவிடும். எத்தனை லிட்டர் என்பது ஒரு கணக்கு. அதில் ரப்பர் எவ்வளவு என்பது வேறு கணக்கு. பிராட்பால்க் வயலில் நடந்ததும் இதுவே. மணி கூடியது, மணிக்குள் சத்து அதே அளவில் கூடவில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாலைச் சோதிக்க மெட்ரோலாக் இருக்கிறது. கோதுமைச் சந்தையில் துத்தநாகத்தைச் சோதித்து விலை பேசுவார் இல்லை. உழவருக்கு எடைக்கும் புரதத்துக்கும் காசு கிடைக்கிறது. இலையில் துத்தநாகம் தெளித்து மணியை வளமாக்கினால், மருந்துச் செலவும் ஆள் கூலியும் அவர் கையிலிருந்து போகின்றன. மண்ணில் இட்டதுபோல் விளைச்சலும் கூடுவதில்லை. பயன் பெறுவது எங்கோ இருக்கும் ஒரு பிள்ளை. எடைக்குக் கூலி வாங்கிய நமக்கு அந்த உழவரின் நிலை நன்றாகப் புரியும். அவர்மீது குறை சொல்ல முடியாது. எடைக்கு மட்டும் காசு என்றால் எடைதான் விளையும்.

அப்படியானால் இந்தச் செலவை யார் ஏற்பது? ஒரு நாடு இதற்கு விடை கண்டது. வட ஐரோப்பாவிலுள்ள பின்லாந்து நாட்டின் மண்ணில், செடிக்கு எட்டும் செலினியம் மிகவும் குறைவு. செலினியம் நம் உடலின் நோய் எதிர்ப்புக்கும் தைராய்டு சுரப்பிக்கும் வேண்டிய ஒரு சத்து. அது கடுமையாகக் குறைந்தால் என்ன ஆகும் என்பதைச் சீனா கண்டிருந்தது. அங்கே கெஷான் என்னும் வட்டாரத்தில் பிள்ளைகளையும் இளம் பெண்களையும் தாக்கிய இதய நோய்க்கு மண்ணிலும் உணவிலும் செலினியம் இல்லாமையே ஒரு முதன்மைக் காரணம் என்று தெரியவந்தது.

பின்லாந்து அரசு 1984-ஆம் ஆண்டில் ஒரு முடிவெடுத்தது. நாட்டில் விற்கும் கலப்பு உரம் அனைத்திலும் செலினியம் சேர்க்க வேண்டும். தானியப் பயிருக்கான உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராம், அதாவது ஒரு டன் உரத்தில் 16 கிராம்! இந்தச் சிறு அளவால் கோதுமையில் செலினியம் பல மடங்கு உயர்ந்தது. மக்கள் உணவில் பெறும் அளவு ஏறத்தாழ மூன்று மடங்கானது. இரத்தத்திலும் அது உயர்ந்தது. யாரும் மாத்திரை விழுங்கவில்லை, உணவுப் பழக்கத்தையும் மாற்றவில்லை. ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடும் இல்லாமல் ரொட்டி, பால், இறைச்சி வழியாக அது எல்லாருக்கும் சென்றது.

செலினியம் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு. அதனால் பின்லாந்து அரசு உணவையும் மண்ணையும் மக்கள் இரத்தத்தையும் ஆண்டுதோறும் சோதித்தது. போதும் என்று கண்டபோது 1990-ஆம் ஆண்டில் 6 மில்லிகிராமாகக் குறைத்தது. அது குறைவாகிவிட்டது என்று கண்டபோது 1998-ஆம் ஆண்டில் 10 ஆக்கியது. அளந்து கொடுப்பதும், கொடுத்தபின் மீண்டும் அளப்பதும் அங்கே சேர்ந்தே நடந்தன. நம் 17-ஆவது மட்டைக்கு நடக்கும் அதே கவனிப்பை அந்த நாடு தன் மக்களுக்கு நடத்தியது என்று சொல்லலாம்.

வாங்கி உண்ணும் நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வட அமெரிக்காவின் சமவெளி மண்ணில் செலினியம் மிகுதி. பிரிட்டன் ஒரு காலத்தில் ரொட்டிக்காகக் கனடாவிலிருந்து நிறையக் கோதுமை வாங்கியது. 1970-களுக்குப் பிறகு ஐரோப்பாவிலும் தன் நாட்டிலும் விளைந்த கோதுமைக்கு மாறியது. அந்த மண்ணில் செலினியம் குறைவு. 1990-களில் பார்த்தபோது அந்நாட்டு மக்கள் பெறும் செலினியம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. ரொட்டியின் நிறமும் சுவையும் மாறவில்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகம்தான் மாறியிருந்தது.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். மண் கொடுத்த சத்தைச் செடி மணியில் சேர்த்து வைக்கிறது. அது பெரும்பாலும் மணியின் மேல் தோலிலும் முளையிலும்தான் இருக்கிறது. ஆலையில் வெள்ளை மாவாக அரைக்கும்போது அந்த இரண்டும் தவிடாக வெளியேறுகின்றன. வெள்ளை மாவில் எஞ்சுவது துத்தநாகத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, மக்னீசியத்தில் ஆறில் ஒரு பங்கு. செலினியம் மட்டும் பாதிக்கும் சற்றுக் கூடுதலாக நிற்கிறது. எங்கோ ஓர் உழவர் பாடுபட்டு மணியில் ஏற்றிய துத்தநாகம் தவிடாகி, கால்நடைத் தீவனமாகப் போய்விடுகிறது.

ஆகவே நம்மால் ஆகக்கூடியவை சில. சப்பாத்திக்கு முழுக்கோதுமை ஆட்டா மாவைப் பயன்படுத்துவது முதலாவது. ஆனால் தவிட்டோடு பைட்டேட்டும் வரும் என்று முன்பே சொன்னோம். அதற்கும் வழி உண்டு. மாவை ஈஸ்ட் சேர்த்தோ, இட்லி மாவைப்போல் புளிக்க வைத்தோ சுட்டால் பைட்டேட்டின் ஒரு பகுதி சிதைந்துவிடும். பச்சைப்பயறு, கடலை போன்றவற்றை ஊறவைத்து முளைகட்டினாலும் அதே பயன். நம் பாட்டிமார் தோசைக்கு மாவு புளிக்க வைத்ததில் சுவையோடு இந்த நன்மையும் இருந்திருக்கிறது.

இரண்டாவது, ரொட்டியைத் தனியாக உண்ணாமல் துணையோடு உண்பது. ஒரு முட்டை, சிறிது நெத்திலி, கோழி, பருப்பு, கீரை என்று ஏதேனும் சேரட்டும். முட்டையிலும் மீனிலும் இறைச்சியிலும் உள்ள துத்தநாகம் எளிதில் உடலில் சேரும். எலுமிச்சைச் சாறும் கொய்யாப்பழமும் இரும்பு உடலில் சேர உதவும். தேநீர் இதற்கு மாறாக இரும்பைத் தடுக்கும். ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம்தான். ஆயினும் வளரும் பிள்ளைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும், உணவு உண்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் கொடுப்பது நல்லது.

மூன்றாவது, பிள்ளையைக் கவனிப்பது. வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாத பிள்ளை, ஓயாமல் வயிற்றுப்போக்கில் வாடும் பிள்ளை, மண்ணையோ சுவர்ச் சுண்ணாம்பையோ தின்னும் பிள்ளை இவர்களை அடித்துத் திருத்த முயல வேண்டாம். அது குறும்பாக இல்லாமல் உடலின் குறையாக இருக்கலாம். மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள். துத்தநாக மாத்திரையையோ இரும்பு மாத்திரையையோ நாமாகவே வாங்கிக் கொடுப்பதும் கூடாது. துத்தநாகம் மிகுந்தால் உடலில் செம்பு குறையும். செடிக்கு உரம் மிகுந்தால் வேர் கருகுவதை நாம் அறிவோம் அல்லவா?

வீட்டுக்குப் பின்னால் சிறு காய்கறிப் பாத்தி வைத்திருப்பவர்கள் மக்கிய தழையையும் சாணத்தையும் மண்ணில் சேர்த்து வாருங்கள். மக்கிய தழை, இருக்கும் சத்தை வேருக்கு எட்டும்படி செய்கிறது. கையில் கிடைத்த கலப்பு உரத்தை மட்டும் அள்ளிப் போட்டால் கீரை தளதளவென்று வளரும். ஆனால் வளர்த்தியை மட்டும் பார்த்து வளத்தை முடிவு செய்யக் கூடாது என்பதை இன்று கண்டோம்.

மண்ணில் உள்ள சத்து மணியில் வருமா என்று கேட்டோம். வரும். ஆனால் தானாக வந்துவிடாது. மண்ணில் இருக்க வேண்டும், வேருக்கு எட்ட வேண்டும், மணி அதை ஏற்க வேண்டும், ஆலை அதை விட்டுவைக்க வேண்டும், உடலும் அதை உறிஞ்ச வேண்டும். இத்தனை படிகளில் ஒன்று தவறினாலும் பிள்ளையின் தட்டில் ரொட்டி இருக்கும், சத்து இருக்காது. முதல் மூன்று படிகள் எங்கோ உள்ள உழவர்கள், ஆய்வாளர்கள், அரசாங்கங்கள் ஆகியோரின் கையில் இருக்கின்றன. ஆலை அரைத்த மாவில் எதை வாங்குவது, அதை எப்படிச் சமைத்து எதனோடு பரிமாறுவது என்பது நம் கையில் இருக்கிறது. இன்று இரவு சப்பாத்திக்கு மாவு பிசையும்போது இதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.